பிக்கப் போன டீசல் வண்டி: டர்போவா, ஃபில்டரா, வேறெதுவா?

பழைய டீசல் வண்டிக்கு உடம்பு சரியில்லை என்றால் பின்னால் வருபவருக்கே தெரிந்துவிடும். இன்டர்கூலர் ஹோஸ் கிழிந்தாலும், இன்ஜெக்டர் சொட்டினாலும், எக்ஸாஸ்ட் புகையில் கொஞ்சத்தை இன்ஜினுக்கே திருப்பும் ஈஜிஆர் வால்வு திறந்தபடி சிக்கிக்கொண்டாலும் சைலன்சர் கரும்புகையாகக் கக்கும். அந்தப் புகையை வைத்தே மெக்கானிக் பாதி வேலையை முடித்துவிடுவார். 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ் 6 விதி நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தபோது இந்த வசதி போய்விட்டது. டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு வெளியே விடக்கூடிய துகளின் அளவு 25 மில்லிகிராமிலிருந்து 4.5 மில்லிகிராமாக இறங்கியது. எத்தனை துகள் என்ற எண்ணிக்கைக்கும் உச்சவரம்பு வந்தது. அதற்காக எக்ஸாஸ்ட் பாதையில் பொருத்தப்பட்டதுதான் டிபிஎஃப் எனும் புகை வடிகட்டி.

இன்று அதே ஹோஸ் கிழிந்தால் பின்னால் புகை வராது. கரி மொத்தமும் ஃபில்டருக்குள் போய்ச் சேரும். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு டாஷ்போர்டில் டிபிஎஃப் லைட் எரியும், வண்டி மேடு ஏற முரண்டு பிடிக்கும். பட்டறைக்குப் போனால், "ஃபில்டர் அடைச்சிருச்சு சார், மாத்திடலாம்" என்பார்கள். புது ஃபில்டரின் விலை பல வண்டிகளில் லட்சத்தை ஒட்டி நிற்கிறது. மாற்றிய சில மாதங்களில் அதே லைட் மறுபடி எரியும், ஏனென்றால் ஹோஸ் இன்னும் கிழிந்தேதான் இருக்கிறது.

ஃபில்டர் அடைத்திருக்கிறது என்று சொல்வதற்கு ஸ்கேனர் போதும். அது ஏன் அடைத்தது என்று சொல்லத்தான் மெக்கானிக் வேண்டும். கரி அடைப்பதற்குக் காரணங்கள் இரண்டு வகைதான். இன்ஜின் அளவுக்கு மீறிக் கரியை உண்டாக்குகிறது, அல்லது சேர்ந்த கரியை எரிக்கும் அளவுக்கு ஃபில்டருக்குச் சூடு கிடைக்கவில்லை. இரண்டில் எது என்று தெரியும்வரை ஃபில்டர் மேல் ஸ்பேனர் வைக்காதீர்கள்.

ஃபில்டருக்குள் நடப்பது

டிபிஎஃப் என்பது சிலிக்கான் கார்பைடு அல்லது கார்டியரைட் என்ற பீங்கான் வகைப் பொருளில் செய்த கட்டி. நீளவாக்கில் ஆயிரக்கணக்கான சிறு குழாய்கள் ஓடும். ஒன்று விட்டு ஒன்றாக, முன்முனையில் சில குழாய்களும் பின்முனையில் மற்றவையும் அடைக்கப்பட்டிருக்கும். உள்ளே வந்த புகை அதே குழாய் வழியாக வெளியேற முடியாது. நுண்துளை உள்ள சுவரைத் துளைத்துக்கொண்டு பக்கத்துக் குழாய்க்குப் போய்த்தான் வெளியேற வேண்டும். கரி சுவரில் தங்கிவிடும்.

தங்கிய கரி இரண்டு விதத்தில் எரிகிறது. நெடுஞ்சாலையில் பாரத்தோடு ஓடும்போது எக்ஸாஸ்ட் 250 முதல் 400 டிகிரி வரை சூடாகும். அப்போது ஃபில்டருக்கு முன்னால் உள்ள ஆக்சிடேஷன் கேட்டலிஸ்ட் உண்டாக்கும் நைட்ரஜன் டை ஆக்சைடு, கரியை மெதுவாகக் கரைத்துக்கொண்டே வரும். ஓட்டுபவருக்கு இது தெரியாது. இது போதாமல் கரி சேர்ந்துவிட்டால் இன்ஜினை நடத்தும் கணினியான இசியு தானே வேலையில் இறங்கும். பிஸ்டன் கீழே இறங்கும் நேரத்தில் கூடுதலாகக் கொஞ்சம் டீசலைத் தெளிக்கும். அந்த டீசல் கேட்டலிஸ்டில் எரிந்து, ஃபில்டரின் சூட்டை 550 முதல் 650 டிகிரிக்கு ஏற்றும். இதுதான் ரீஜெனரேஷன். இது பெரும்பாலும் 10 முதல் 20 நிமிடத்தில் முடிந்துவிடும்.

அந்த நேரத்தில் ஐடிலிங் சற்று ஏறும், மைலேஜ் காட்டும் எண் சரியும், வண்டியை நிறுத்திய பிறகும் ரேடியேட்டர் ஃபேன் முழு வேகத்தில் சுற்றும், சுட்ட இரும்பு வாடை வரும். இவை கோளாறு அல்ல. அந்த நேரத்தில் காய்ந்த புல், சருகு மேல் வண்டியை நிறுத்தக் கூடாது என்பதை மட்டும் வீட்டில் ஓட்டும் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

எரியாத ஒன்றும் ஃபில்டரில் சேர்கிறது. அது சாம்பல். இன்ஜின் ஆயிலில் கலந்திருக்கும் கால்சியம், மக்னீசியம், துத்தநாகச் சேர்மானங்கள் எரிந்து மிஞ்சுவது. எத்தனை ரீஜெனரேஷன் செய்தாலும் இது போகாது. கரி அடைப்புக்கும் சாம்பல் அடைப்புக்கும் வைத்தியம் வேறு வேறு. பல பட்டறைகளில் இந்த இரண்டையும் ஒன்றாகப் பார்க்கிறார்கள், அங்கேதான் பணம் வீணாகிறது.

முதலில் ஓட்டிப் பாருங்கள்

"பிக்கப் இல்லை" என்ற ஒரே புகாருக்குள் நான்கைந்து வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கும். ஸ்கேனரைச் செருகுவதற்கு முன் ஓனரைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்து, நீங்களே ஓட்டிப் பாருங்கள். எந்த வேகத்தில், எந்த கியரில், ஏசி போட்டா போடாமலா, சூடான பிறகா குளிர்ந்த இன்ஜினிலா என்று கேளுங்கள்.

வண்டி நன்றாக இழுத்துக்கொண்டே வந்து, ஓவர்டேக் செய்யும் நேரத்தில் சட்டென்று செத்துப்போய், 2,500 அல்லது 3,000 ஆர்பிஎம்முக்கு மேல் ஏற மறுத்தால் அது லிம்ப் மோட். கீயை அணைத்துப் போட்டதும் சரியாகிவிட்டால் சந்தேகத்தைப் பெரும்பாலும் டர்போவின் கட்டுப்பாட்டுப் பக்கம் திருப்புங்கள். டர்போவுக்குள் புகையின் பாதையைக் குறுக்கி விரிக்கும் சிறு தகடுகளான வேன்கள் கரி படிந்து ஒட்டிக்கொள்ளும்போது பூஸ்ட், அதாவது டர்போ திணிக்கும் காற்றின் அழுத்தம், எல்லை மீறி, இசியு தற்காப்புக்காக சக்தியைக் குறைக்கிறது. கோட் பெரும்பாலும் பி0234 ஆக இருக்கும்.

கீழ் ஆர்பிஎம்மில் மந்தமாக இருந்து, 2,500-க்கு மேல் உயிர் வந்தால் வேன்கள் திறந்த நிலையில் சிக்கியிருக்கலாம், ஈஜிஆர் மூடாமல் இருக்கலாம். இதற்கு நேர்மாறாக, ஊருக்குள் ஒழுங்காக ஓடிவிட்டு, பைபாஸில் 80-ஐத் தாண்டியதும் மூச்சு வாங்கினால் எங்கோ பாதை குறுகியிருக்கிறது. ஏர் ஃபில்டரோ, டீசல் ஃபில்டரோ, டிபிஎஃப்போ எதுவாகவும் இருக்கலாம். மூன்றும் ஓட்டும்போது ஒரே மாதிரித் தெரியும். அதனால் விலை குறைந்த இரண்டையும் முதலில் பார்ப்பதுதான் நியாயம்.

எந்தப் பட்டறையிலும் அதிகம் கேட்கும் தீர்ப்பு, "டர்போ போயிடுச்சு." டர்போ உண்மையிலேயே போனால் அது சத்தம் போடும், ஆயிலைக் குடிக்கும், நீலப்புகை விடும். இவை எதுவும் இல்லாத வண்டிக்கு டர்போவை மாற்றச் சொன்னால், எந்த அளவை வைத்துச் சொல்கிறார் என்று கேளுங்கள். அளவு எதையும் காட்ட முடியாத மெக்கானிக்கிடம் வண்டியை விடாதீர்கள்.

பானட்டைத் திறந்து

ஏர் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். செம்மண் ரோட்டில், கல்குவாரிப் பக்கம் ஓடும் வண்டிக்கு சர்வீஸ் புத்தகத்தில் உள்ள கிலோமீட்டர் கணக்கு செல்லாது. பாதியிலேயே அடைந்துவிடும். டீசல் ஃபில்டரின் அடியில் உள்ள தண்ணீரை வடித்துப் பாருங்கள்.

அடுத்து ஹோஸ்கள். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும், அங்கிருந்து இன்டேக்குக்கும் போகும் ரப்பர் ஹோஸ்களைத்தான் நான் எப்போதும் அதிக நேரம் பார்ப்பேன். கோவைப் பக்கம் ஒரு டாக்ஸி இதே புகாரோடு வந்தது. "கல்லாறு தாண்டுனா வண்டி இழுக்கறதே இல்லீங்ண்ணா" என்றார் டிரைவர், அதாவது மலை ஏறத் தொடங்கியதும். ஏற்கெனவே வேறொரு பட்டறையில் திரும்பத் திரும்ப ஸ்கேனர் வைத்து ஃபில்டரை எரித்திருந்தார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு வாரம் நன்றாக ஓடி, மறுபடி லைட். மேலிருந்து பார்த்தால் ஹோஸ்கள் புதிது போல இருந்தன. இன்டர்கூலருக்குக் கீழே வளையும் இடத்தில் மட்டும், ஹோஸின் அடிப்பக்கம் நூல் கனத்துக்கு ஒரு கறுப்புக் கோடு. அதில் ஆயில் ஈரத்தோடு தூசி ஒட்டியிருந்தது. துடைத்துவிட்டு, இரண்டு கட்டைவிரலால் வளைவை அழுத்தினேன். கோடு பிளந்து உள்பக்கத் துணி தெரிந்தது. ஐடிலிங்கில் அது மூடியே இருக்கும். பூஸ்ட் ஏறும்போது மட்டும் விரிந்து காற்றை விடும். மலை ஏறும்போதுதான் புகார் வந்ததற்குக் காரணம் அதுதான்.

இங்கே கரி எப்படி அதிகமாகிறது என்று பாருங்கள். ஏர் ஃபில்டருக்கு அடுத்திருக்கும் காற்று அளவி, உள்ளே வந்த காற்றை எண்ணிவிடுகிறது. இசியு அந்தக் கணக்குக்கு டீசலைத் தெளிக்கிறது. நடுவில் ஹோஸ் வழியாகக் காற்று தப்பிவிட்டதால் சிலிண்டருக்குள் காற்று குறைவு, டீசல் அதிகம். எரியாத டீசல் கரியாகிறது. ஹோஸ் மாற்றிய பிறகு அந்த டாக்ஸிக்கு ஃபில்டரில் வேறெந்த வேலையும் தேவைப்படவில்லை. ஒரே ஒரு ரீஜெனரேஷன்தான்.

ஹோஸுக்குள் மெல்லிய ஆயில் படலம் இருந்தால் பதற வேண்டாம், கிராங்க்கேஸ் ஆவி அந்த வழியாகத்தான் போகிறது. தேங்கி நின்றால்தான் கேள்வி.

எலியைப் பற்றி ஒரு வார்த்தை. வேக்குவம் மூலம் டர்போ வேனை இயக்கும் வண்டிகளில், விரலைவிட மெல்லிய ஒரு ரப்பர் குழாயை எலி கடித்துவிட்டால் போதும், வண்டி முழுதாக முடங்கிவிடும். இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் டர்போ ஆக்சுவேட்டரின் கம்பி ஒரே சீராக இழுபட வேண்டும், அணைத்ததும் திரும்ப வேண்டும். நகராவிட்டால் கைப் பம்ப்பால் வேக்குவம் கொடுத்துப் பாருங்கள். அப்போது நகர்ந்தால் டர்போ நலம், குழாயோ அதைக் கட்டுப்படுத்தும் சொலினாய்டோதான் கோளாறு. இழுக்கும்போது நடுவில் தட்டுத்தடுமாறினால் வேன்களில் கரி.

பானட்டை மூடுவதற்கு முன் டிப்ஸ்டிக்கை உருவுங்கள். ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நின்றால், ரீஜெனரேஷன் பல முறை தொடங்கிப் பாதியில் நின்றிருக்கிறது என்று பொருள். அதற்காகத் தெளித்த டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் கலந்திருக்கும். முகர்ந்தால் டீசல் வாடை அடிக்கும். ஆயில் நீர்த்தால் பேரிங் தேயும். அளவு மிகவும் கூடினால் இன்ஜின் அந்த ஆயிலையே எரிபொருளாக இழுத்துக் கட்டுப்பாடின்றி ஓடும் ஆபத்தும் உண்டு. இந்த நிலையில் உள்ள வண்டியில் ஆயிலை மாற்றாமல் வேறெந்தச் சோதனையும் செய்யாதீர்கள்.

கீ ஆன், இன்ஜின் ஆஃப்

ஸ்கேனரில் கோட் படிப்பதோடு நிறுத்திவிடுபவர்கள் அதிகம். பி2463 என்று வந்தால் கரி அதிகம் என்று இசியு நினைக்கிறது, அவ்வளவுதான். அது சென்சார்கள் சொன்னதை நம்பி நினைக்கிறது. சென்சார் உண்மை சொல்கிறதா என்று பார்க்க மிக எளிய சோதனை ஒன்று உண்டு, கருவிச் செலவு எதுவும் இல்லை.

இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்யாமல் கீயை மட்டும் ஆன் செய்து லைவ் டேட்டாவைப் பாருங்கள். கூலன்ட், இன்டேக் காற்று, எக்ஸாஸ்டில் உள்ள வெப்பச் சென்சார்கள் எல்லாமே வெளிக்காற்றின் சூட்டை ஒட்டி, ஒன்றுக்கொன்று சில டிகிரி வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும். சென்னையில் 29 டிகிரி விடியலில் எக்ஸாஸ்ட் சென்சார் ஒன்று மட்டும் 110 காட்டினால் கண்டுபிடித்துவிட்டீர்கள். அந்தச் சென்சார் பொய் சொல்லும்வரை இசியு ரீஜெனரேஷனைச் சரியாக நடத்தாது.

இன்டேக் மேனிஃபோல்டு அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். கடலோரத்தில் அது சுமார் 100 கிலோபாஸ்கல். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் அதே சென்சார் 77, 78 காட்டினால் அதுவும் சரிதான், மலையில் காற்றே அவ்வளவுதான். டிபிஎஃப்பின் முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தை அளக்கும் சென்சார் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். இன்ஜின் ஓடாதபோதே அது 3 கிலோபாஸ்கல் காட்டினால், காலியான ஃபில்டரையும் அடைத்தது என்றுதான் இசியு நினைக்கும். அந்தச் சென்சாரின் விலையோடு ஃபில்டரின் விலையை ஒப்பிட்டால் இந்தச் சோதனையின் அருமை புரியும்.

பாரத்தில் பூஸ்ட்

அடுத்து ரோட்டில். ஒருவர் ஓட்ட, இன்னொருவர் ஸ்கேனரில் மூன்று எண்களைப் பதிவு செய்யட்டும்: இசியு கேட்கும் பூஸ்ட், உண்மையில் கிடைக்கும் பூஸ்ட், இன்ஜெக்டர்களுக்குப் போகும் டீசலின் ரெயில் அழுத்தம். ஆள் நடமாட்டம் இல்லாத நீண்ட ரோட்டில், மூன்றாவது கியரில், 1,500 ஆர்பிஎம்மிலிருந்து ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்தி 3,500 வரை ஓட்டுங்கள். ஓட்டுபவர் ஸ்கேனரைப் பார்க்கக் கூடாது.

பல இன்ஜின்களில் முழு பாரத்தில் மேனிஃபோல்டு அழுத்தம் 200 முதல் 250 கிலோபாஸ்கல் வரை ஏறும், இது வெளிக்காற்றையும் சேர்த்த கணக்கு. கேட்டதும் கிடைத்ததும் ஒன்றாகவே ஏறினால் டர்போவை மறந்துவிடுங்கள். கிடைத்தது எப்போதும் 20, 30 கீழேயே நின்றால் கசிவு அல்லது திறந்தே நிற்கும் வேன். கேட்டதைத் தாண்டிக் குதித்து, பிறகு விழுந்தால் மூடிய நிலையில் ஒட்டிய வேன். பூஸ்ட் சரியாக இருந்து, ரெயில் அழுத்தம் மட்டும் கேட்டதைவிடச் சரிந்துகொண்டே போனால் டீசல் ஃபில்டர், பம்ப் பக்கம் போங்கள். பி0087 அதோடு சேர்ந்தே வரும்.

பூஸ்டும் சரி, ரெயில் அழுத்தமும் சரி, ஆனாலும் வண்டி இழுக்கவில்லை என்றால் உள்ளே போனது வெளியே வர வழியில்லை. இப்போதுதான் டிபிஎஃப்பின் முறை வருகிறது.

ஃபில்டரை அளப்பது

அழுத்த வித்தியாசச் சென்சாரைச் சோதித்துவிட்டோம். அதற்குப் போகும் இரண்டு ரப்பர் குழாய்களையும் கழற்றிப் பாருங்கள். எக்ஸாஸ்ட் சூட்டில் இவை முனையில் வெடிக்கும், பெரும்பாலும் இரும்புக் குழாயோடு சேரும் இடத்தில். ஃபில்டருக்கு முன்னால் உள்ள குழாய் வெடித்திருந்தால் அழுத்தம் அங்கேயே கசிந்து, ஃபில்டர் எப்போதும் காலியாகத் தெரியும். உள்ளே கரி மலையாகச் சேரும். குழாய்க்குள் கரி அடைத்திருந்தால் எண் நகராமல் நிற்கும். இரும்புக் குழாயைக் கம்பி விட்டுச் சுத்தம் செய்து, ரப்பரைச் சூடு தாங்கும் புது ஹோஸாக மாற்றிவிட்டுத்தான் அளக்க வேண்டும். முன், பின் குழாய்களை இடம் மாற்றிச் செருகினால் எண் மைனஸில் போகும், கவனம்.

இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, ஐடிலிங்கில் நல்ல ஃபில்டர் 1 கிலோபாஸ்கலுக்குள் காட்டும். நின்ற இடத்தில் 2,500 ஆர்பிஎம்முக்கு ஏற்றினால் பொதுவாக 5-ஐத் தாண்டாது. 10-ஐ எட்டினால் அடைப்பு உறுதி. வண்டிக்கு வண்டி எல்லை மாறும் என்பதால் உங்கள் மாடலின் சர்வீஸ் கையேட்டில் உள்ள அளவே இறுதி. நல்ல நிலையில் இருக்கும்போதே இந்த இரண்டு எண்களையும் எழுதி வைத்தால் பிற்பாடு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

ரீஜெனரேஷன் முடிந்த உடனே மறுபடி அளப்பதுதான் கரியையும் சாம்பலையும் பிரித்துக் காட்டும். எரித்த பிறகு எண் நன்றாக இறங்கினால் அடைத்தது கரி. 600 டிகிரி சூட்டில் ஒழுங்காக எரித்தும் எண் இறங்கவில்லை என்றால் அது சாம்பல், இனி எரித்துப் பயனில்லை. ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் தாண்டிய வண்டியில் இது இயல்பு. 40,000 கிலோமீட்டரில் இப்படி ஆகிவிட்டது என்றால் எந்த ஆயில் ஊற்றினார்கள் என்று பாருங்கள். டிபிஎஃப் உள்ள காருக்குச் சாம்பல் குறைந்த ஆயில் வேண்டும். பல மாடல்களுக்கு ஏசிஇஏ சி2 அல்லது சி3 தரம். சி3 ஆயிலில் சல்பேட் சாம்பல் 0.8 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. டின்னின் பின்பக்கச் சிறு எழுத்தில் இந்தக் குறி இருக்கிறதா என்று நீங்களே படியுங்கள். "டீசல் வண்டிக்கு எந்த ஆயிலும் ஓடும்" என்ற பழைய பேச்சு இந்த வண்டிகளுக்குப் பொருந்தாது.

சைலன்சர் முனைக்குள் வெள்ளைத் துணியை விட்டுத் துடைத்துப் பார்ப்பதும் நல்ல சோதனை. ஃபில்டர் முழுதாக இருந்தால் துணியில் கறுப்பு ஒட்டாது. மைக்கறுப்பாக வந்தால் ஃபில்டர் விரிசல் விட்டிருக்கிறது, அல்லது முன்னால் யாரோ உள்ளே உள்ளதை எடுத்துவிட்டு வெறும் கூட்டை மாட்டியிருக்கிறார்கள். பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் கைக்குட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள்.

கரி அதிகமில்லை, சூடுதான் போதவில்லை

மேலே சொன்ன எல்லாமே சரியாக இருந்தும் ஃபில்டர் நிறைந்தால், வண்டி ஓடும் விதத்தைக் கேளுங்கள். காலையில் பள்ளிக்கு இரண்டு கிலோமீட்டர், அங்கிருந்து மார்க்கெட், மாலையில் மறுபடி பள்ளி. வாரம் முழுக்க இன்ஜின் ஒரு நாளும் முழுதாகச் சூடாகவில்லை. ரீஜெனரேஷன் தொடங்கும்போதெல்லாம் வீடு வந்துவிடுகிறது. இப்படி மட்டுமே ஓடப்போகும் குடும்பத்துக்கு டீசல் வண்டி ஏற்றதல்ல. விற்பவர் சொல்ல வேண்டிய உண்மை இது, பலர் சொல்வதில்லை. ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் வாரம் ஒரு முறை பைபாஸில் ஏறி, 2,000 ஆர்பிஎம்முக்குக் குறையாமல் இருபது நிமிடமாவது நிறுத்தாமல் ஓட்டுங்கள். சில வண்டிகளில் டாப் கியரில் 60-ல் போனால் ஆர்பிஎம் 1,500-க்குக் கீழே கிடக்கும், அது போதாது. ஒரு கியர் குறைத்துக்கொள்ளுங்கள்.

தினமும் நீண்ட தூரம் ஓடும் வண்டியிலும் சூடு போதாமல் போகும் காரணம் ஒன்று உண்டு: தெர்மோஸ்டாட். வெயில் ஊரில் இது எதற்கு என்று கழற்றி எறியும் பழக்கம் சில பட்டறைகளில் பழைய நாளிலிருந்தே இருக்கிறது. கழற்றாவிட்டாலும் அது திறந்தபடி சிக்கிக்கொள்ளும். அப்போது நெடுஞ்சாலையில் கூலன்ட் 65, 70 டிகிரியைத் தாண்டாது. டாஷ்போர்டு முள் ஒழுங்காகத் தெரிவதால் யாருக்கும் சந்தேகமே வராது. ஆனால் இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று இசியு ரீஜெனரேஷனைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கும். ஸ்கேனரில் கூலன்ட் எண்ணைப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். பத்து நிமிடம் ஓடிய பிறகு 80-ஐத் தாண்டி நிலையாக நிற்க வேண்டும்.

டீசல் ரிசர்வில் ஓட்டும் பழக்கமும் இதே வேலையைச் செய்யும். டேங்கில் போதிய டீசல் இல்லாவிட்டால் பல வண்டிகள் ரீஜெனரேஷனைத் தொடங்குவதே இல்லை. வேறு ஏதோ கோளாறுக்காகச் செக் இன்ஜின் லைட் எரிந்துகொண்டிருந்தாலும் அப்படித்தான். "லைட் மட்டும்தான் எரியுது, வண்டி நல்லா ஓடுது" என்று மாதக்கணக்கில் விடுவது ஃபில்டரை நிரப்பும் உறுதியான வழி.

எரிப்பதா, கழுவுவதா, மாற்றுவதா

காரணத்தைச் சரிசெய்த பிறகு, நிறைவு மிதமாக இருந்தால் நெடுஞ்சாலையில் ஓட்டினாலே ஃபில்டர் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்கு மேல் என்றால் ஸ்கேனர் மூலம் நின்ற இடத்தில் ரீஜெனரேஷன் செய்யலாம். ஷெட்டுக்குள் செய்யாதீர்கள். வெட்டவெளியில், சிமென்ட் தரையில், பானட்டைத் திறந்து வைத்து, தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்க, சைலன்சர் பக்கம் யாரும் நிற்காமல் செய்யுங்கள். எத்தனை கிராம் கரிவரை இப்படி எரிக்கலாம் என்று கையேட்டில் இருக்கும். அந்த எல்லையைத் தாண்டிய ஃபில்டரை எரித்தால் கரி கட்டுப்பாடின்றிப் பற்றி, பீங்கான் உருகும் அல்லது விரியும். அப்போது கழற்றிச் சுத்தம் செய்யும் இடத்துக்கு அனுப்புவதே வழி. சாம்பலுக்கும் அதே வழிதான். உரிய இயந்திரத்தில் காற்று, சூடு அல்லது நீரால் எதிர்த்திசையில் தள்ளி எடுப்பார்கள். போவதற்கு முன்னும் பின்னும் எடையும் அழுத்த அளவும் எழுதித் தருகிற இடத்தைத் தேடுங்கள். வாட்டர் சர்வீஸ் கன்னை வைத்து அடிப்பதும் ஆசிட் ஊற்றுவதும் கேட்டலிஸ்ட் பூச்சை அழித்துவிடும்.

டேங்கில் ஊற்றும் பாட்டில் மருந்துகளில் எனக்கு நம்பிக்கை குறைவு. அடைப்பு லேசாக இருந்தால் அவை இல்லாமலே சரியாகும், கனமாக இருந்தால் அவற்றால் முடியாது.

ஃபில்டரையே எடுத்துவிட்டு, இசியு மென்பொருளை மாற்றிக் கொடுக்கிறோம் என்று சொல்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. சட்டத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-ல் டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. சிக்னலில் உங்கள் சைலன்சருக்குப் பின்னால் டூ வீலரில் நிற்பவர், முன்னால் உட்கார்ந்திருக்கும் குழந்தையோடு அதைச் சுவாசிக்கிறார். அந்தக் கரியைப் பிடித்து வைப்பதற்குத்தான் இந்த ஃபில்டர். அதைச் செலவாக மட்டும் பார்ப்பது சரியல்ல.

வேலை முடிந்த பிறகு

புது ஃபில்டர் மாட்டினாலோ, பழையதைச் சுத்தம் செய்து திரும்ப மாட்டினாலோ இசியுவுக்குச் சொல்ல வேண்டும். சாம்பல் கணக்கையும் கரிக் கணக்கையும் ஸ்கேனரில் திருத்தாவிட்டால், அது பழைய கணக்கை வைத்துக்கொண்டு தேவையில்லாமல் அடிக்கடி எரிக்கும், ஆயிலில் டீசல் சேரும். புது அழுத்தச் சென்சார் போட்டால் பூஜ்யத்தை அதற்கு மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டிய மாடல்களும் உண்டு. ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் இதே நேரத்தில் மாற்றிவிடுங்கள்.

பிறகு ஒரு ரோட் டெஸ்ட், அதே மூன்றாவது கியர், அதே ரோடு. முன்பு பதிவு செய்த பூஸ்ட் எண்களோடு ஒப்பிடுங்கள். ஸ்கேனரில் "கடைசி ரீஜெனரேஷனுக்குப் பிறகு ஓடிய தூரம்" என்ற எண் இருந்தால் அதை ஓனரிடம் காட்டிக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். புகையைப் பார்த்து நோயறிந்த காலம் போய்விட்டதால், இன்று அந்த வேலையைச் செய்வது இந்த எண்தான். பாதி ஊருக்குள்ளும் பாதி நெடுஞ்சாலையிலும் ஓடும் கார் பொதுவாக சில நூறு கிலோமீட்டருக்கு ஒரு முறை எரிக்கும். 400 கிலோமீட்டராக இருந்த இடைவெளி 250 ஆகி, பிறகு 100-க்கு வந்தால், எந்த லைட்டும் எரியாவிட்டாலும் இன்ஜின் எங்கோ கரியை அதிகமாக உண்டாக்கத் தொடங்கிவிட்டது. அடுத்த சர்வீஸ்வரை காத்திராமல் ஹோஸ், ஈஜிஆர், இன்ஜெக்டர் என்ற வரிசையில் பார்க்கத் தொடங்குங்கள். இன்ஜெக்டரைச் சோதிக்க, ரிட்டர்ன் குழாய்களைக் கழற்றி ஒவ்வொன்றையும் தனித்தனிப் பாட்டிலில் விட்டு இரண்டு நிமிடம் ஐடிலிங்கில் ஓட்டினால் போதும். மற்றவற்றைவிட ஒரு பாட்டில் மட்டும் பல மடங்கு நிறைந்தால், டெஸ்ட் பெஞ்சுக்கு முதலில் கழற்றி அனுப்ப வேண்டியது அந்த சிலிண்டரின் இன்ஜெக்டரைத்தான்.